மஞ்சள் யாருக்கு மங்கலம்?

மஞ்சள் மங்கலம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். புதுச் சேலையின் முனையில் மஞ்சள், தாலிக் கயிற்றில் மஞ்சள், சமயபுரத்துக்கு நடக்கிற பெண்கள் கூட்டம் முழுக்க மஞ்சள் சேலை. அப்படியென்றால் அது எல்லோருக்கும்தானே இருக்க வேண்டும்? இல்லை. புருசன் செத்ததும் பெண்ணிடமிருந்து அதைப் பறித்தார்கள். நம் பெண்களிடம் பறிக்க அந்தச் சாவுகூடத் தேவைப்படவில்லை.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடர்கள்மீது கள்ளர்கள் 8 தடைகள் போட்டார்கள். ஜே.எச். ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் இதைப் பதிந்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது. சட்டை, குடை, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாண்டம் மட்டும்தான். பெண்கள் ரவிக்கை, தாவணியால் மார்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. மீறினால் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் 11 ஆயின.

திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் 1859-இல் நாடார் பெண்களுக்கு மார்பை மூட அனுமதி கிடைத்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. துணி கொடுத்தாலும் சாயலைக் கொடுக்க மாட்டார்கள்.

எங்க அப்பாயி இராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க மலையேறி வந்தவள். வட்டக்கானலில் விறகு சுமந்தாள். கேட்டால் சொல்லுவாள்: "மஞ்சக் கெழங்க கொழம்புக்கு அரைக்கலாம்டி, மூஞ்சில பூசக் கூடாது. பூசுனா தெருவே எரியும்." எங்க அம்மா கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு மஞ்சள் நைலக்ஸ் சேலை எடுத்தாள். கிழங்குச் சாயம் வெயிலில் வெளுத்துவிடும், சோப்புப் பட்டால் சிவந்துவிடும். இது மில் சாயம், கெட்டியாக நின்றது. ஆனால் கீழ்நாட்டில் ஒரு கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போனபோது, ஊர்த்தெரு வந்ததும் முந்தானையைச் சுருட்டிக் கக்கத்தில் ஒடுக்கிக்கொண்டாள். பழைய பட்டியல் அவள் உடம்புக்குள்ளேயே இருந்தது.

இன்று வட்டக்கானலுக்கு 'சின்ன இஸ்ரேல்' என்று இன்னொரு பேர். இஸ்ரேல் இளைஞர்கள் பல வருடமாக வந்து தங்கிய ஊர். அவர்கள் இனத்துக்கும் ஒரு மஞ்சள் கதை உண்டு. 1941 செப்டம்பரில் ஜெர்மனியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் எல்லோரும் உடுப்பில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று நாஜிகள் ஆணையிட்டார்கள். சீனாவில் சிங் வம்ச காலத்தில் பளீர் மஞ்சள் அரச குடும்பத்துக்கு மட்டும். ஒருவனுக்கு உரிமை, ஒருவனுக்கு முத்திரை, நமக்குத் தடை. ஆள் யாரென்று தூரத்திலேயே தெரிய வேண்டும். மூன்றுக்கும் நோக்கம் அதுதான்.

நாம் கேட்பது மங்கலம் அல்ல. என் தங்கை தாலி இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டாள். 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்திருத்தம் அதை ஏற்கிறது. அன்று அவள் கட்டியது மஞ்சள் சேலை. தாலியே வேண்டாம் என்றவளுக்கு மஞ்சள் எதற்கு என்று கேட்டார்கள். "புடிச்சிருக்கு, கட்டுறேன்" என்றாள்.

உடையின் வரலாறு எழுதுகிறவர்கள் ராணிகளின் பட்டைத்தான் எழுதுகிறார்கள். நம் கிழவிகளுக்கு எதெல்லாம் கூடாதென்று இருந்தது? அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.