பனி ஈரம் உலருமுன்

பனை ஆராய்ச்சிக்கென்று ஒரு நிலையமே அமைந்திருக்கும் கைதடியிலே, பனையோலை இழைத்தலை ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு குடும்பத்தாரைப் படம்பிடிக்க இளைஞர் ஒருவர் போகிறார் என்றும், அவர் எவரையும் நிற்கச் சொல்வதுமில்லை, சிரிக்கச் சொல்வதுமில்லை என்றும் கேள்வியுற்றபோது, ஸ்ரூடியோக்காரர் மோவாயைப் பிடித்துத் திருப்பி வைத்த தலைமுறையைச் சேர்ந்தவனாகிய எனக்கு, அஃது என்ன வித்தையென்று பார்க்கும் ஆவல் உண்டாயிற்று. காலை ஆறு மணிக்கே வந்துவிட வேண்டுமென்பது அவருடைய நிபந்தனை.

அந்நேரத்தின் காரணத்தை நான் வெளிச்சத்தோடு மாத்திரம் சேர்த்து எண்ணியிருந்தேன். ஓலையோடும் சேர்த்து எண்ணவேண்டுமென்பதை அங்கேதான் கற்றேன். குருத்தோலையை எவ்வளவு பக்குவமாகக் காயவிட்டு வைத்தாலும், இழைக்கும் வேளையில் அதிலே சிறிது ஈரம் இல்லாவிடின் மடிப்பிலே முறிந்துவிடும். ஆதலால் இராமுழுவதும் முற்றத்துப் பனியிலே கிடந்த ஓலையை, வெயில் உறைக்குமுன் சத்தகத்தால் வார்ந்து இழைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தாழ்ந்த கதிர் திண்ணையிலே சாய்வாக விழுந்து, விரலின் நரம்பையும் ஓலையின் வரியையும் வெவ்வேறாகப் பிரித்துக் காட்டும் நாழிகையும் அதுவே.

நீத்துப்பெட்டிகளையும் சாயமிட்ட கைப்பைகளையும் வெளிநாட்டிலிருக்கும் நம்மவர்க்கு விற்கும், அவ்வீட்டு ஆச்சியின் பேத்தியே இப்படங்களை வேண்டியவள். வெள்ளைத் துணியின்மேல் வைத்த பெட்டியின் படத்தைவிட, அதை இழைத்த கையின் படமே சரக்குக்குச் சாட்சி என்பது அவளுடைய அபிப்பிராயம். ஆச்சிக்கோ அது சம்மதமில்லை.

“பொறு மோனை, நான் சீலை மாத்தேல்லை, தலையும் இழுக்கேல்லை.”

“இருங்கோ ஆச்சி, நான் இப்ப படம் எடுக்கேல்லை.”

சொன்னபடியே அவர் முக்கால்மணி நேரம் கமராவைத் தொடவில்லை. வார்ந்த ஓலையை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, ஆச்சியின் மகள் நாரைப் பல்லிலே கவ்வி இழுத்துக் கடகத்தின் விளிம்பைப் பொத்தத் தொடங்கியபோது, சத்தமில்லாமல் எடுக்க ஆரம்பித்தார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கைவினைஞரை அவர் தொழிலிடத்திலேயே படம்பிடிப்பது இலங்கைக்குப் புதிதன்று. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலைபற்றிய பெருநூலுக்குப் படங்கள் எடுத்தவர் அவருடைய மனைவியார் எதெல் அம்மையார். அந்நூல் கண்டிநாட்டைப் பற்றியதாகையால் நம்முடைய கடகத்துக்கும் சுளகுக்கும் அதிலே இடமில்லை. நாமோ கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் படக்காரரை அழைத்தோமேயன்றி, வேலை செய்யும் கையைப் படமெடுக்கலாமென்று கனவிலும் நினைத்தோமில்லை.

எடுத்த படங்கள்தாமும் நிலைத்தனவா? 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் போரினால் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தால் இத்தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, ஆச்சியின் குடும்பத்தோடு அரிசிப்பையும் காணி உறுதியும் வந்தன, அல்பம் வரவில்லை. சுவரிலே மாலையுடன் தொங்கும் அவருடைய கணவரின் படம், அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தது. கண் இருக்குமிடத்திலே மை கலங்கியிருக்கிறது. அதைப் பார்த்த பின்பு, சீலை மாற்றவேண்டுமென்று ஆச்சி சொன்னதை வீண் சம்பிரதாயமென்று எண்ணிய என் புத்தியை நானே நொந்துகொண்டேன்.

எட்டு மணியாயிற்று. வெயில் திண்ணையைத் தொட, ஓலை சரசரக்கத் தொடங்கியது. ஆச்சி இழைத்ததை ஈரத்துணியிலே சுற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். தலையிழுத்து, கரைபோட்ட சீலை உடுத்து வந்து, கதிரையை வாசலுக்கு நேரே தாமே இழுத்துப் போட்டு, கைகளை முழங்காலில் வைத்து, மூச்சடக்கிக் கமராவைப் பார்த்தார். அவரை எவரும் இருக்கச் சொல்லவில்லையாகையால், இளைஞருடைய நியமத்துக்கும் பங்கம் நேரவில்லை. ஒரேயொரு படம் எடுத்தார்.

“இதைத்தான் பெருப்பிக்க வேணும் தம்பி,” என்றார் ஆச்சி.