சிங்கப்பூர் போகும் தம்பிக்கு, லைசன்ஸ் விஷயமாக

மலேசியாவின் கம்போங் ராஜாவிலிருந்து இன்னொரு தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறான். புளூ வேலி தேயிலைச் சரிவுகளில் மோட்டார் ஓட்டிப் பழகிய கை.

தம்பி, எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் போகிறவர்கள் 12 மாதத்துக்கு மேல் தங்கி வண்டி ஓட்ட வேண்டுமென்றால், மலேசிய லைசன்ஸை அந்த நாட்டு லைசன்ஸாக மாற்றியே ஆகவேண்டும். அதற்கு அடிப்படைத் தியரித் தேர்வு உண்டு. 50 கேள்வி, 45 சரியாக வரவேண்டும். தமிழிலேயே எழுதலாம்! இது தெரியாமல் தயங்கி நின்ற நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

இங்கே பி2 லைசன்ஸில் 250 சிசி வரை ஓட்டுகிறாய். அங்கே 2பி-யில் 200 சிசி வரைதான். பெரிய வண்டி ஆசை கொஞ்சம் பொறுக்கட்டும். கிளம்புவதற்கு முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) தந்த மலேசிய லைசன்ஸைப் புதுப்பித்துக்கொள்.