அந்தமானில் கார்டு, புதுச்சேரியில் கடல்

நான்கைந்து நாள் பயிற்சி, ஓர் எழுத்துத் தேர்வு, கடலுக்குள் நான்கு முறை இறக்கம். இவ்வளவையும் முடித்தால் ஏ.டி.எம். கார்டு அளவில் ஓர் அட்டை கிடைக்கும். ‘ஓப்பன் வாட்டர் டைவர்’ என்று அதில் இருக்கும். 18 மீட்டர் ஆழம் வரை, இன்னொரு டைவரைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு இறங்கலாம் என்று அர்த்தம். ஏறக்குறைய ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம். டிரைவிங் லைசென்ஸ்கூட ரினியூவல் கேட்கும். இந்த அட்டைக்குக் காலாவதித் தேதியே கிடையாது. சிக்கலே அங்கேதான்.

விழுப்புரத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி தன் 46-வது வயதில் அந்த கார்டை வாங்கினார். இடம், அந்தமானின் ஸ்வராஜ் தீவு. 2018 வரை ஹேவ்லாக் என்று பெயர். மகள் முதல் வேலையில் சேர்வதற்கு முன் கிளம்பிய டூர் அது. அம்மாவும் மகளும் சேர்ந்தே பயிற்சி எடுத்தார்கள். கடலுக்குள் ஒருவருக்கு ஒருவர் கூட்டாளி. இறங்கும் முன் ஒருவரின் உபகரணத்தை மற்றவர் சரிபார்க்க வேண்டும். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால், மற்றவரின் சிலிண்டரில் இருக்கும் உபரிக் குழாயில் சுவாசிக்க வேண்டும். வீட்டில் ரிமோட்டுக்குச் சண்டை போடும் இருவர், தண்ணீருக்குள் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள்.

பிறகு மகள் பெங்களூருக்குப் போய்விட்டாள். கார்டு எட்டு மாதம் அம்மாவின் பர்ஸிலேயே இருந்தது.

ஆசைப்படும்போதெல்லாம் அந்தமான் போக முடியுமா? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் நினைவுக்கு வந்தன. ஆனால், அது 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல். நினைத்த இடத்தில் குதித்துவிட முடியாது. புதுச்சேரியோ சுமார் 40 கிலோமீட்டர். பஸ் ஏறினால் கடல். அங்கேயும் டைவர்கள் இறங்குகிறார்கள். ‘டெம்பிள் ரீஃப்’ என்று ஒரு செயற்கைத் திட்டே கடலுக்கு அடியில் இருக்கிறது.

மகளிடம் போனில் சொன்னார்.

“நான் இல்லாம எப்படிம்மா போவ? உன் கூட்டாளி யாரு?”

“யாராவது இருப்பாங்கடி.”

“அந்த யாராவதுதாம்மா எனக்குப் பயமா இருக்கு.”

முதலில் விசாரித்த இடத்தில் ஒரு கேள்வியும் இல்லை. “பணம் அனுப்பிட்டு வாங்க மேடம், இறக்கிடலாம்” என்றார்கள். இரண்டாவது இடத்தில் கேள்விக்கு மேல் கேள்வி. இதுவரை எத்தனை டைவ்? கடைசியாக எப்போது? ஆஸ்துமா உண்டா, காதில் ஆபரேஷன் நடந்திருக்கிறதா, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறீர்களா? மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னதும் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். எட்டு மாத இடைவெளி என்றதும், “முதல்ல நீச்சல் குளம், அப்புறம்தான் கடல்” என்றார்கள். அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால், பணம் வாங்கும் முன்பே கேள்வி கேட்டு எரிச்சலூட்டும் இடம்தான் புதியவர்களுக்கு நல்ல இடம்.

குளத்தில் அது புரிந்தது. முகக்கவசத்துக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். அந்தமானில் தண்ணிபட்ட பாடு. இங்கே முதல் முயற்சியிலேயே ஒரு மடக்கு குளோரின் தண்ணீர் உள்ளே போனது. நாலாவது முறைதான் கை வந்தது.

கடலுக்குப் போனது ஜனவரியில் ஒரு காலை. சுமார் 15 கிலோ சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு படகு கிளம்பியது. ஓட்டியவர் மீனவர். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர், “மழைத் தண்ணி இன்னும் தெளியலக்கா. கீழ கலங்கலாத்தான் இருக்கும்” என்றார். வடகிழக்குப் பருவமழையில் தென்பெண்ணையும் சங்கராபரணியும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் அடங்கக் கொஞ்ச நாள் ஆகும். வாடைக் காற்று வேறு அலையைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

அந்தமானில் இருபது மீட்டர் தூரத்தில் போகும் மகளின் துடுப்பு நிறம்கூடத் தெரிந்திருந்தது. இங்கே நான்கு மீட்டர்கூட இல்லை. நீலம் இல்லை, பச்சை. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காதை அடைக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்தி ஊதிக்கொண்டு இறங்கினார்கள். வழிகாட்டி முன்னால். கூட்டாளியாக அமைந்தது சென்னையைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவர். மொத்தமே ஆறு டைவ் அனுபவம்.

11 மீட்டர். காற்று அளவைப் பார்த்தார். 200 பாரில் தொடங்கிய முள், பத்தே நிமிடத்தில் 120-க்கு வந்திருந்தது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு மூச்சும் சிலிண்டரிலிருந்து இரண்டு மடங்கு காற்றை எடுக்கும். பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் கேட்கவே வேண்டாம். நிமிர்ந்து பார்த்தால் மாணவரைக் காணோம். பச்சைக்குள் ஒரு ஜோடித் துடுப்பு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. சில விநாடிதான். அதற்குள் மகளின் ‘யாராவது’ அவர் காதில் ஒலித்துவிட்டது.

வழிகாட்டியைத் தொட்டு, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். கரையில் அதற்கு ‘சூப்பர்’ என்று அர்த்தம். தண்ணீருக்கு அடியில் ‘மேலே போகலாம்’. யாரும் எப்போதும் காட்டலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, மற்றவர்கள் மறுக்கக் கூடாது. மூவரும் ஏறினார்கள். பயத்தில் விருட்டென்று மேலே வருவதுதான் பெரிய ஆபத்து. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது நுரையீரலில் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். அதனால் மூச்சை அடக்கவே கூடாது. 5 மீட்டரில் கயிற்றைப் பிடித்தபடி மூன்று நிமிடம் நின்றார்கள். அந்த மூன்று நிமிடத்தை அவர் எண்ணி எண்ணிக் கழித்தார்.

“சாரி ஆன்ட்டி, நான்தான் முன்னால போயிட்டேன்” என்றார் மாணவர், படகில். இரண்டாவது டைவுக்கும் பணம் கட்டியாகிவிட்டது, திரும்பக் கிடைக்காது. இறங்கவில்லை என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு முகம் வாடித்தான் இருந்தது. படகுக்காரர், “கடல் எங்கக்கா போயிடப் போவுது?” என்று பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

ராத்திரி மகளிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். திட்டு விழும் என்று காத்திருந்தார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“நீயா மேல வரணும்னு சொன்னியா?”

“ஆமாம்.”

“அப்ப சரி. இனிமே நீ போகலாம்மா. எனக்குப் பயமில்ல.”

மார்ச்சில் மறுபடி போனார். அதே மாணவர்தான் கூட்டாளி. இந்த முறை கரையிலேயே கால் மணி நேரம் பேசிக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்தில்தான் நீந்துவது, கை எட்டும் தூரத்தைத் தாண்டக் கூடாது, யாருடைய முள் முதலில் 100-ஐத் தொட்டாலும் இருவரும் திரும்புவது, ஒருவரை ஒருவர் காணவில்லை என்றால் ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே வருவது. எல்லாம் வகுப்பில் படித்ததுதான். தெரிந்த மகளிடம் பேச வேண்டியிருக்கவில்லை. தெரியாத பையனிடம் வாய்விட்டுப் பேச வேண்டியிருந்தது.

அன்று மாலையே ஏற்காடு கிளம்பலாம் என்று கணவர் டிக்கெட் பார்த்து வைத்திருந்தார். டைவ் முடித்த கையோடு விமானத்தில் ஏறக் கூடாது என்பதைப்போல, சுமார் 1,500 மீட்டர் உயர மலையிலும் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். டூர் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. “கடலுக்குப் போனா மலைக்குப் போகக் கூடாதா? என்ன கணக்கோ” என்று அவர் முணுமுணுத்ததுதான் மிச்சம்.

டைவ் பதிவு நோட்டில் அவர் எழுதியது: ஆழம் 14 மீட்டர், 38 நிமிடம், மிச்சக் காற்று 70 பார். பாரை மீன் கூட்டம். பாறை இடுக்கில் ஒரு கலவா.

“எவ்ளோ தூரம் தெரிஞ்சுதும்மா?” என்று கேட்டாள் மகள்.

“ஆறு மீட்டர் இருக்கும்.”

“அவ்ளோதானா?”

“அதுக்குள்ளதாண்டி அந்தக் கலவா இருந்துச்சு.”