கீழ் வரிசைப் படங்கள்

10.8.2025, ஞாயிறு

வியாழக்கிழமை ரஜினியின் 'கூலி' படம் வருகிறது. தீபாவளிக்கு முந்தின வாரத்து ஜவுளிக்கடை மாதிரி இருக்கிறது என் ப்ளெக்ஸ் கடை. அவருடைய முதல் படம் 'அபூர்வ ராகங்கள்' 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது என்பதால் எல்லா ஆர்டரிலும் பெரிதாக '50' வேண்டுமாம்.

ரஜினியை வைக்க ஐந்து நிமிஷம் போதும். பின்னால் கொஞ்சம் தீப்பொறி, ஓரத்தில் இரண்டு கழுகு, வேலை முடிந்தது. நேரத்தைத் தின்பது கீழ் வரிசைதான். பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். யாருக்குக் கூலிங் கிளாஸ், யார் நடுவில், யார் ஓரம் என்று ஒரே பஞ்சாயத்து. தன் படம் மைத்துனர் படத்தைவிடச் சிறியதாகிவிட்டது என்று ஒருவர் முழு பேனரையும் மறுபடி அடிக்கச் சொல்லிப் பணம் கட்டிவிட்டுப் போனார். அனுமதி எண்ணுக்கென்று விட்ட இடத்திலும் கடைசி நேரத்தில் ஒரு முகம் வந்து உட்கார்ந்துவிடும்.

ரஜினி இந்தத் தெருவுக்கு வரப்போவதில்லை என்று இவர்களுக்குத் தெரியாதா என்ன? தெருக்காரர்கள் பார்ப்பார்கள், அதற்குத்தான் பேனர். ஆட்டோ ஓட்டுகிறவர், பரோட்டா மாஸ்டர், மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர். இவர்கள் முகம் சுவரேறுவதற்கு வேறு வழி கண்ணீர் அஞ்சலி மட்டும்தான்.

11.8.2025, திங்கள்

அப்பா பேனர் ஆர்ட்டிஸ்ட். துணியில் கட்டம் போட்டு, ஏணியில் நின்றபடி எம்.ஜி.ஆர். கன்னத்துக்கு ரோஸ் கலப்பார். 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். இறந்ததும் மொட்டை போட்டுக்கொண்டார். அந்த நாட்களில் தமிழ்நாட்டில் உயிரையே விட்டவர்களும் உண்டு. அதைப் பற்றிக் கேட்டால், "தலைவர் இருந்திருந்தா தடுத்திருப்பாரு" என்பார் அப்பா.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அஜித் 2011-லேயே தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்துவிட்டார். மன்றம் போயிற்று, பேனர் போகவில்லை. கமல் தன் மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றினார். ரத்த தானம், கண் தானம் என்று வேலை நடந்தது. பசங்களிடம் 'செய்யாதே' என்பதைவிட 'இதைச் செய்' என்பது எடுபடுகிறது.

கட்சி தொடங்கவில்லை என்று ரஜினி 2020 டிசம்பர் 29-ல் அறிவித்த அன்று எங்கள் ஏரியா மன்றச் செயலாளர் கடையில் வந்து உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. அதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே சொந்தக் காசைப் போட்டு, கட்சி தொடங்கும் நாளுக்காகக் காத்திருந்தவர். அடுத்து 'அண்ணாத்த' வந்தபோது முதல் ஆர்டர் அவருடையது. "இன்னுமாண்ணே?" என்றேன். "மன்றம் இல்லன்னா நம்ம பசங்க எங்கடா போவாங்க?" என்றார். ரஜினி பெயரை அவர் எடுக்கவே இல்லை.

13.8.2025, புதன், இரவு

தியேட்டர் வாசலில் பேனர் ஏற்றுகிறார்கள் என்று போய்ப் பார்த்தேன். மேலே மின்கம்பி. சாரத்தில் ப்ளஸ் ஒன் படிக்கும் பையன், பதினாறு வயது, வெறுங்கால்.

2020 செப்டம்பரில் ஆந்திராவின் குப்பம் பக்கத்தில் பவன் கல்யாண் பிறந்தநாள் பேனர் கட்டியபோது மூன்று பேர். 2023 ஜூலையில் நரசராவ்பேட்டை பக்கம் சூர்யா பிறந்தநாளுக்கு இரண்டு மாணவர்கள். 2024 ஜனவரியில் கர்நாடகத்தின் கதக் மாவட்டத்தில் யஷ் பிறந்தநாளுக்கு மூன்று பேர். எல்லாமே மின்சாரம் தாக்கிய சாவுகள். யஷ் அந்த வீடுகளுக்கு நேரில் போய், இப்படி அன்பு காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அப்பா காலத்தில் மரச்சட்டம், சவுக்குச் சாரம்; ஏற்றுவதற்கென்றே கைப்பழக்கம் உள்ள ஆட்கள் இருந்தார்கள், பகலெல்லாம் வேலை நடக்கும். இப்போது ப்ளெக்ஸ் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அச்சாகிவிடுகிறது, பின்னால் இரும்பு ஃப்ரேம். கூலி மிச்சம் என்று நடு ராத்திரியில் பசங்களே தூக்குகிறார்கள். இந்தத் தொழிலில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. அதனாலேயே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பத்தடி தள்ளிக் கட்டச் சொன்னேன். "அங்க வச்சா கீழ் வரிசை தெரியாதுடா" என்றார் செயலாளர். அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு தள்ளிக் கட்டினார்கள்.

14.8.2025, வியாழன்

முதல் காட்சி ஒன்பது மணிக்கு. 2023 ஜனவரியில் 'துணிவு' வந்த அன்று கோயம்பேட்டில் லாரி மேல் ஆடிய இளைஞர் விழுந்து இறந்தார். அதன் பிறகு இங்கே அதிகாலைக் காட்சிக்கு அனுமதி கிடைப்பதில்லை. நல்லதுதான். தாரை தப்பட்டை, சூடம், பாலாபிஷேகம் எல்லாம் முறைப்படி நடந்தன.

படத்துக்குத் தணிக்கையில் 'ஏ' சான்றிதழ். ராத்திரி சாரத்தில் நின்ற பையனை டிக்கெட் கிழிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டார்கள். படம் பார்க்க வயது போதாது. மின்கம்பிக்குக் கீழே இரும்பைத் தூக்க மட்டும் போதும். செயலாளரும் மற்றவர்களும் உள்ளே போய்விட்டார்கள். அவன் வெளியிலிருந்தே விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தான்.

16.8.2025, சனி

பையனின் அம்மா கடைக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "பேனரைக் கழட்டுனதும் எம்மவன் படம் இருக்கிற பக்கத்தை மட்டும் தர முடியுமாண்ணே? ஓட்டு வீடு, ஒழுகுது. மேல விரிச்சிக்கிறேன்" என்றார். மூன்றாவது வரிசை, வலது ஓரம். முழுசாகவே வாங்கித் தருகிறேன் என்றேன்.

சாயங்காலம் செயலாளரிடம் சொல்லிவிட்டேன்: "அடுத்த படத்துக்குப் பதினெட்டு ஆகாத பசங்க படத்தை எவ்வளவு பெருசா வேணும்னாலும் போட்டுத் தர்றேன், காசு வேண்டாம். ஆனா அவங்களைச் சாரத்துல ஏத்துனா உங்க ஆர்டரே எனக்கு வேண்டாம்ணே." யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.