72 கிலோ

அப்பா குளியலறையில் விழுந்த அன்று அவர் எடை 72 கிலோ. என் எடை 86. கணக்குப்படி நான் அவரைத் தூக்கியிருக்க வேண்டும். முடியவில்லை.

இரவு இரண்டு மணி. கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். ஈரத் தரையில் அவர் வழுக்கினார், எனக்கு மூச்சு வாங்கியது. மனைவி கால் பக்கம் பிடிக்க வந்தாள். அப்பாவுக்கு வலியைவிடக் கூச்சம்தான் பெரிதாக இருந்தது. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டே, “ஏல, அவள வெளிய போகச் சொல்லு” என்றார்.

கடைசியில் கீழே போய் வாட்ச்மேன் அண்ணனைக் கூட்டி வந்தேன். அறுபதை நெருங்குகிறவர், என்னில் பாதி உடம்பு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டார். அப்பாவை முட்டிபோட வைத்து, நாற்காலியைப் பிடிக்க வைத்து, ஒரு காலை ஊன்றச் சொல்லி, பின்னால் இருந்து இடுப்பை அணைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “முதுகால தூக்காதீங்க சார், கால்ல தூக்கணும்” என்றார். கோயம்பேட்டில் பன்னிரண்டு வருஷம் மூட்டை தூக்கியவராம். நாலு வருஷமாக அவரைப் பார்த்து தினமும் தலையாட்டியிருக்கிறேன், இது தெரியாது.

எலும்பு முறிவு இல்லை. அடுத்த வாரம் அப்பாவுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையோடு எனக்கும் எடுத்தார்கள். எச்பிஏ1சி 6.1. 5.7 தொட்டால் சர்க்கரை நோயின் திண்ணைக்கு வந்துவிட்டோம், 6.5 என்றால் வீட்டுக்குள்ளேயே வந்தாச்சு. அமெரிக்கக்காரர்களோடு பேசி முடிக்க இரவு பத்தரை ஆகும், அதற்கப்புறம் பரோட்டா. பத்து வருஷமாக இதற்கு உழைப்பு என்று பேர் வைத்திருந்தேன்.

ஜிம் மூன்றாவது மாடியில். அங்கே போடும் பாட்டைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். பயிற்சி தரும் பையனுக்கு இருபத்திமூன்று வயசு இருக்கும். “வெயிட் குறைக்கணுமாண்ணா?” என்றான். “72 கிலோ தூக்கணும்” என்றேன். ஏன் 72 என்று கேட்டான், சொல்லவில்லை.

டெட்லிஃப்ட் என்பது தரையில் கிடக்கும் பாரை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பது, அவ்வளவுதான். வெறும் பார் 20 கிலோ. அதில் சின்ன பிளேட்டுகள் போட்டால் பார் ரொம்பத் தாழ்வாகக் கிடக்கும் என்று இரண்டு பக்கமும் கட்டை வைத்து உயர்த்தித் தந்தான். பார் காலோடு ஒட்டி வரணும், முதுகு வளையக் கூடாது, தரையைக் காலால் அழுத்தணும். வாட்ச்மேன் அண்ணன் சொன்னதேதான், என்ன, இங்கே மாதக் கட்டணம் உண்டு. முதல் சில வாரங்களில் எடை மளமளவென்று ஏறியது. அது பெரும்பாலும் புதுத் தசை இல்லையாம், இருக்கிற தசையை வேலை வாங்க நரம்புகள் பழகுவதுதான். ஏப்ரலில் பக்கத்துப் பையனைப் பார்த்து ஒரேயடியாக 15 கிலோ கூட்டினேன். இரண்டு வாரம் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்பா ஒரு கட்டில், நான் ஒரு கட்டில்.

அந்த இரண்டு வாரத்தில்தான் நிறையப் பேசினோம். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் கோயில் முன்னால் இளவட்டக்கல் கிடக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லை அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்கு மேலே பின்னால் தள்ள வேண்டும். தூக்கினவனுக்குத்தான் பெண் என்பார்கள். “நீங்க தூக்குனீங்களாப்பா?” என்றேன். “முழங்காலுக்கு மேல கொண்டாந்ததே இல்ல. ஆனாலும் ஒங்கம்மையக் கட்டித் தந்துட்டாவ.”

காலையில் ஆறு இட்லி, மூன்று இட்லியும் மூன்று முட்டையுமானது. டீயில் சர்க்கரை போச்சு. பரோட்டா மட்டும் மாதம் ஒரு தடவை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 5.6. வேலை செய்கிற தசை ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதை அதுவரை படித்துத்தான் தெரிந்துவைத்திருந்தேன்.

எக்செல் ஷீட் ஒன்று வைத்திருந்தேன், தொழில் புத்தி. டாக்டர் கேட்பார் என்று ஒரு வரிசையில் அப்பாவின் எடை, பக்கத்தில் நான் தூக்கிய எடை. விழுந்த பிறகு அப்பா அதிகம் நடக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும், ஒரு தடவைக்கு ஐந்து என்றார் பிசியோதெரபிஸ்ட். ஜிம்மில் அதற்குப் பேர் ஸ்குவாட். அப்பாவுக்கு ஐந்து மூன்றானது, அப்புறம் அதுவும் நின்றது. ஜூன் இரண்டாவது வாரம் இரண்டு வரிசையிலும் 65. அதற்குப் பிறகு அந்த ஷீட்டைத் திறக்கப் பிடிக்கவில்லை, திறந்தேன்.

செப்டம்பரில் நான் 90 தூக்கினேன். பையன் கைதட்டினான், வீடியோ எடுத்து அனுப்பினான்.

அப்பாவால் இப்போது எடை மெஷினில் தனியாக நிற்க முடியாது. நான் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன், மனைவி எண்ணைப் படிப்பாள், அப்புறம் என் எடையைக் கழிப்போம். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். கட்டிலோரம் குனிந்து, முழங்கால் மடக்கி, நெஞ்சோடு சேர்த்து எழுந்தேன். எதுவுமே தூக்காதது மாதிரி இருந்தது.

“133” என்றாள் மனைவி.

அப்பா கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர். “நீ எவ்வளவு?” என்றார்.

நான் 79.

“68ப்பா.”

கண்ணை மூடிக் கழித்தார். “அப்ப நான் 65. பரவால்ல.” பிறகு என் தோளைத் தடவிப் பார்த்தார். “68ஆ? ரொம்ப எளச்சிட்டியேல. ஒழுங்காச் சாப்புடு.”