பின்னால் வருபவர்

இலங்கைத் தமிழருக்கு இலையுதிர்காலம் பாடப்புத்தகத்தில் மட்டும் வரும் பருவம். பழந்தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனப்பட்டன. அது வாடைக்கும் மழைக்கும் உரிய காலமேயன்றி மரங்கள் நிறம் மாறும் காலம் அன்று. நமது ஊரில் பனையின் காவோலை எந்த மாதத்திலும் விழும். வேலிப் பூவரசு எப்போதும் ஏதோ ஒரு இலையை உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு காடு முழுவதும் சொல்லிவைத்தாற்போல் மஞ்சளாகிச் செம்பாகி உதிர்வதை 2023 ஒக்ரோபரில், இங்கிலாந்தில் அக்காவின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் நிதானமாகப் பார்த்தேன்.

பார்க்க வைத்தது ஒரு வழிகாட்டப்பட்ட நடை. அந்நாட்டில் இது பெருவழக்கு. பயிற்சி பெற்ற தொண்டர்கள் வாரத்தில் ஒரு நாள் ஒரு பூங்காவிலோ காட்டோரத்திலோ கூடுகிறார்கள். வருபவர்களை அழைத்துக்கொண்டு பத்து நிமிடம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை நடக்கிறார்கள். கட்டணம் இல்லை. முதல் முறை வருபவர் தமது உடல்நிலை பற்றி ஒரு படிவம் நிரப்பினால் போதும். 1990களின் நடுப்பகுதியில் வில்லியம் பேர்ட் என்ற குடும்ப மருத்துவர், ஒக்ஸ்போர்ட்ஷயரின் சொனிங் கொமன் என்ற கிராமத்தில் தம் நோயாளிகளை நடக்க அனுப்பியதில் தொடங்கிய முயற்சி, பின்னர் நாடெங்கும் பரவியது. மருந்துச் சீட்டில் நடையை எழுதிக்கொடுத்த மருத்துவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அக்காவுக்கு வயது 66. ஒரு முழங்கால் மாற்றப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நடக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லியும் அவர் கடை வரைக்கும் கோயில் வரைக்கும் மட்டுமே போய்வந்தார். மருமகள் இந்த நடையைப் பற்றிச் சொன்னபோது அவர் கூறிய மறுமொழியில் முழங்கால் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"சனத்தோடை சனமா நடக்க எனக்கு விருப்பமில்லைப் பிள்ளை. அது நான் நடந்து முடிச்சிட்டன்."

மருமகளுக்கு அது விளங்கவில்லை. அவர் இலண்டனில் பிறந்தவர். எனக்கு விளங்கியது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் வெளியேறித் தென்மராட்சியை நோக்கி மழைக்குள் நடந்தபோது அக்கா அந்த வீதியில் நின்றார். நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் இருந்தேன். செய்தித் தணிக்கை நடைமுறையில் இருந்த நாள்கள் அவை. எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தவை எல்லாம் எண்ணிக்கைகள்தாம்.

நான் வற்புறுத்தவில்லை. "காட்டைப் பார்க்க எனக்கு ஆசை, தனியே போக வழி தெரியாது" என்றேன். தம்பிக்கு வழி தெரியாது என்றால் அக்காமார் எழும்பிவிடுவார்கள்.

நாங்கள் போனது எப்பிங் காட்டுக்கு. இலிவர்பூல் ஸ்ரீட் நிலையத்திலிருந்து அரை மணிக்குள் புகையிரதம் சிங்ஃபோர்டில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபர்டிலும் வோல்தம்ஸ்ரோவிலும் வாழும் நம்மவர்களுக்கு இது அயற்காடு. ஆயினும் அங்கே நம்மவர் முகங்களைக் காண்பது அரிது. ஏறத்தாழ 2,400 ஹெக்டெயர் பரப்பு. இலண்டனின் தோளில் இத்தனை பெரிய காடு எவ்வாறு வீடுகளாகாமல் தப்பியது என்பது ஒரு தனிக்கதை.

இங்குள்ள பீச், ஹோர்ன்பீம், ஓக் மரங்களின் உருவம் விசித்திரமானது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பருத்த முண்டு, அதிலிருந்து விரல்களைப் போல் மேலெழும் பல கிளைகள். மாடுகள் துளிரைக் கடித்துவிடாதபடி, அவற்றுக்கு எட்டாத உயரத்தில் கிளைகளை வெட்டி விறகெடுத்த ஊர்மக்களின் கைவேலை அது. நமது வேலிக்கிளுவையைக் கதியால் போட வெட்டுவது போல. அந்த வெட்டும் உரிமைக்காக லௌட்டன் என்ற ஊரின் தோமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளியும் அவர் குடும்பத்தாரும் காட்டை வேலியடைத்த நிலவுடைமையாளரோடு மோதினார்கள். 1866இல் அக்குடும்பத்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். வழக்கும் கிளர்ச்சியும் வளர்ந்து, 1878இல் ஒரு தனிச்சட்டத்தின் மூலம் காடு இலண்டன் மாநகராட்சியின் பொறுப்பில் பொதுமக்களுக்கென ஒப்படைக்கப்பட்டது. 1882 மே மாதம் விக்ரோறியா மகாராணி நேரில் வந்து அதனை மக்களுக்கு உரியதென அறிவித்தார். விறகு வெட்டும் உரிமையோ அச்சட்டத்துடன் முடிந்தது. அதற்கு ஈடாக லௌட்டன் ஊராருக்கு ஒரு மண்டபம் கிடைத்தது. விறகுக்குப் பதில் மண்டபம் என்பது ஆட்சியாளரின் கணக்கு.

ஆங்கிலேயர் நாட்டுப்புறத்தில் நடக்கும் உரிமையை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. 1932 ஏப்ரல் 24இல் கிண்டர் ஸ்கௌட் மலைமேட்டில் சில நூறு இளைஞர்கள் தடையை மீறி ஏறினார்கள், ஐவர் சிறையிடப்பட்டனர். 1935இல் ரொம் ஸ்ரீபன்சன் என்ற பத்திரிகையாளர், வடக்கே ஸ்கொட்லாந்து எல்லை வரை ஒரு நீண்ட நடைபாதை வேண்டும் என்று 'டெய்லி ஹெரால்ட்' பத்திரிகையில் எழுதினார். பென்னைன் பாதை என்ற பெயரில் அது திறக்கப்பட்டது 1965இல். ஒரு கட்டுரை பாதையாக முப்பது ஆண்டுகள்! என் தொழிலில் உள்ளவர்கள் இதனை அவ்வப்போது நினைத்துக்கொள்ளலாம். நமது கட்டுரைகளில் பெரும்பாலானவை மறுநாள் வடை சுற்றப் போனவை.

ஆனால் அந்தப் போராட்டங்கள் எல்லாம் கால் உள்ளவர்களுக்காக நடந்தவை. ஆங்கில நாட்டுப்புறப் பாதைகளில் வேலிக்கு வேலி படிவைத்த கடப்புகள் உண்டு. ஆடு தாண்டாது, மனிதர் தாண்டலாம். சக்கரநாற்காலியில் வருபவரும் ஊன்றுகோலோடு வருபவரும் ஆட்டோடு சேர்த்தே வெளியே நிறுத்தப்பட்டார்கள். இது அண்மைக் காலத்தில்தான் மாறத் தொடங்கியது. ஏரி மாவட்டத் தேசியப் பூங்காவில் கடப்புகள் இல்லாத பாதைகளை வகுத்து, 'எல்லோருக்கும்', 'பலருக்கும்', 'சிலருக்கும்' என்று மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் தரத்தில் ஏற்றம் பத்துக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது. பாதை குறைந்தது ஒரு மீற்றர் அகலம் வேண்டும். 'சிலருக்கும்' என்ற அந்த மூன்றாவது சொல்லின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லாம் எல்லோருக்கும் என்று பலகை எழுதிவிட்டு வாசலில் மூன்று படி வைக்கும் வழக்கத்தை நாம் நன்கு அறிவோம்.

எப்பிங்கில் எங்களுக்கு வாய்த்தது கொனோட் வோட்டர் என்ற குளத்தைச் சுற்றும் ஏறத்தாழ ஒரு மைல் சமதரைப் பாதை. பதினான்கு பேர் வந்திருந்தனர். சக்கரநாற்காலியில் ஒருவர், பார்வை குறைந்த ஒரு பெண்மணி, இருதய சத்திரசிகிச்சை முடித்த ஒருவர், குழந்தைத் தள்ளுவண்டியோடு ஒரு தாய். தலைமை தாங்கிய அம்மையார் முதலில் சொன்னது, ஈர இலைகள் வழுக்கும் என்பதும் இலைக்குவியலின் அடியில் வேர் இருக்கும் என்பதும். ஊன்றுகோல்களின் அடியிலுள்ள இறப்பர் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அதன் பின் மஞ்சட் சட்டை அணிந்த முதியவர் ஒருவரைக் காட்டி, "இவர் எப்போதும் கடைசியாக நடப்பார். யாரும் இவருக்குப் பின்னால் இருக்கமாட்டார்கள்" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லுறா?"

அவருக்கு ஆங்கிலம் விளங்காமல் இல்லை. நான் திருப்பிச் சொன்னேன்.

"அதுக்கெண்டே ஒராளோ?"

"ஓம் அக்கா. அவற்றை வேலையே அதுதான்."

நடந்தோம். மரங்கள் இலையின் பச்சையத்தை உள்ளிழுத்துக்கொள்ள, முன்பே அதில் இருந்த மஞ்சள் வெளித்தெரிகிறது என்று அம்மையார் விளக்கினார். ஓக் மரங்கள் இன்னும் பச்சையாக நின்றன. பீச் செம்பு நிறம். குளத்தில் வண்ணம் பூசிய பொம்மை போன்ற மண்டரின் வாத்துகள். கிழக்காசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, தப்பிப்போய்ப் பெருகியவையாம். ஒரு மரத்தடியில் காளான்களைக் கண்டதும் அக்காவின் கை நீண்டது. ஊரில் முதல் மழைக்குப் பின் காளான் கறி வைத்த கை. இக்காட்டில் காளான் பிடுங்குதல் தடை என்று அறிந்து, "பாத்தியே, கண்ணாலை மட்டும் தின்னட்டாம்" என்றார்.

அரைவாசித் தூரத்தில் அக்கா பின்தங்கினார். நான் நிற்க, "நீ போ" என்று கையசைத்தார். மஞ்சட் சட்டைக்காரர் அவருக்கு இணையாக நடந்து வந்தார். காற்று எங்கள் பக்கமாக வீசியதால் அக்காவின் ஆங்கிலம் துண்டு துண்டாக என் காதில் விழுந்தது. மழை, பாலம், சைக்கிள், மாமி.

எங்கள் அப்பாவின் தமக்கையை அந்த இரவில் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனவர் அக்கா. நாவற்குழிப் பாலத்தடியில் நெரிசலில் சைக்கிள் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம் என்றாகிவிட்டது. முன்னால் தள்ளிய சனத்துக்கு எதிராகத் திரும்ப வழி இருக்கவில்லை. பதினொரு நாள் கழித்துத் தென்மராட்சியில் ஒரு பாடசாலை முகாமில் மாமியைக் கண்டெடுத்தார்கள். மாமி அதன்பின் மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்தார். அந்தப் பதினொரு நாளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் என்னோடு ஒருபோதும் பேசியதில்லை. விவரங்கள் அத்தான் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அம்மையார் முன்வரிசையை ஒரு வாங்கிலடியில் நிறுத்திவிட்டார். கடைசி இருவரும் வரும் வரை பன்னிரண்டு பேரும் குளத்தைப் பார்த்தபடி நின்றோம். ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. நான் மட்டும் தொழிற்பழக்கத்தில் பார்த்தேன். ஒன்பது நிமிடம்.

அக்கா வந்து வாங்கிலில் இருந்தார். கண் சிவந்திருந்தது. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து முதலில் மஞ்சட் சட்டைக்காரரிடம் நீட்டினார். பயற்றம் பணியாரம். நான் கேட்டபோதெல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்ன அதே பயற்றம் பணியாரம். எனக்குக் கிடைத்தது உடைந்த ஒன்று.

திரும்பும் வழியில் புகையிரதத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மழையெண்டாலும் உவை நடக்கினமோ?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கடும் காற்றென்றால் மட்டும் நிறுத்துவார்களாம், மழைக்கு நிறுத்துவதில்லையாம். நான் கொழும்பு திரும்பிய வாரம் அங்கே நல்ல மழை. அக்கா மருமகளின் மழையங்கியை வாங்கிக்கொண்டு தனியே சிங்ஃபோர்ட் போயிருக்கிறார்.