பதினெட்டு மணித்தியாலத்தில் ஒன்று

கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணித்தியாலம் சொச்சம். போனில் தேடினால் இதுதான் வரும். கணக்கில் பிழையில்லை. இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே பூமியின் வளைவையொட்டி இழுத்த மிகக் குறுகிய கோடுதான் அந்தத் தூரம். விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து மற்றப் பக்கம் போய் நிற்பதுவரைதான் அந்த நேரம். ஆனா விமான நிலையத்தில யாரும் குடியிருக்கிறதில்லையே!

நாங்க இருக்கிறது அலவத்துகொடயில். எங்க அம்மாயியோட அக்கா இருக்கிறது கோத்தகிரியில். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அந்தக் கணக்கில் ஒரு ஆளாக எழுபதுகளில் புறப்பட்டவர் அவர். அப்படி ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு எங்க சனம் வைத்த பேர் ‘அழுகைக் கோச்சி’. தலைமன்னார் வரைக்கும் கோச்சி, அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். நடுவில் இருந்த கடல் முப்பது கிலோமீட்டர் அளவுதான். பிறகு மண்டபம் முகாம், அதற்கும் பிறகு நீலகிரித் தேயிலை. எண்பதுகளில் யுத்தம் வந்ததும் அந்தக் கப்பலும் நின்றுபோனது.

அக்காவைப் பார்க்கணும் என்று அம்மாயி சொல்லத் தொடங்கி வருசக்கணக்காச்சு. “ஒரு மணித்தியாலம் தானே, கூட்டிட்டுப் போகலாம்” என்று மாமா லேசாகச் சொல்லிட்டார். எழுபது வயசு, முழங்கால் வலி. அதனால நாங்க வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டோம்.

அக்குறணை நெரிசல், கட்டுகஸ்தோட்டை, கண்டி எல்லாம் தாண்டிக் கட்டுநாயக்க போக நாலு மணித்தியாலம். பிங்கா ஓயா பெருகினால் அக்குறணையில் A9 வீதியே தண்ணிக்குள்ள. அன்றைக்குக் கணக்கே வேற. விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னுக்கே நிக்கணும். பறக்கிறது ஒன்று. இறங்கி, முத்திரை குத்தி, பெட்டி எடுக்க இன்னொன்று. திருச்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு பஸ் பிடித்துப் போய்ச் சேர ஆறு. மேட்டுப்பாளையம் போய் மலையேற மூன்று. மொத்தம் பதினெட்டு. அதில் ஆகாயத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. மற்றப் பதினேழும் அம்மாயியின் முழங்காலுக்குத்தான்.

கணக்கைப் பார்த்து மாமா பேசாம இருந்தார். நாங்க போகவேணாம் என்று சொல்லல்ல. பயணத்தை உடைப்போம் என்றுதான் சொன்னோம். முதல் இரவு நீர்கொழும்பில் தெரிந்தவர்கள் வீட்டில், இரண்டாவது இரவு திருச்சியில். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு வைக்கிறது. மழைக்காலத்தைத் தவிர்க்கிறது. உங்க வீட்டிலும் இப்படி ஒரு பயணம் காத்திருந்தால், டிக்கெட் விலைக்கு முன்னால இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாச்சு. எத்தனை மணித்தியாலம் என்று அம்மாயி கேக்கிறதே இல்ல. அக்காவுக்கு மாசி கொண்டுபோறதா, கறுவா கொண்டுபோறதா என்றுதான் கேக்கிறாங்க.